22 கணினி, 180 பிள்ளைகள், 3 பாடம்: மலையகப் பாடசாலையில் கணினிப் பரீட்சைக்கு நேரசூசி போடுவது எப்படி?

கேள்வியைக் கேட்டவர் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிப்பிக்கும் ஆசிரியை. தரம் 10இல் 96 பேர், தரம் 11இல் 84 பேர். தமிழ், கணிதம், விஞ்ஞானம் மூன்றுக்கும் தலா ஒரு மணி நேரப் பொது மதிப்பீட்டைக் கணினியில் நடத்த வேண்டும். ஆய்வுகூடத்தில் 26 கணினிகள் இருந்தாலும் வேலை செய்பவை 22 மட்டுமே. கல்வி வலயம் கொடுத்திருக்கும் காலம் இரண்டு வாரம். "ஒரு நாளைக்கு மூன்று அமர்வு போட்டால் சரியாக முடியும் போல இருக்கிறது, இது நடைமுறையில் சரிவருமா?" என்று கேட்டிருக்கிறார்.

சரிவராது, டீச்சர். கடதாசியில் அழகாக முடியும், ஆய்வுகூடத்தில் இழுபடும். ஏன் என்பதற்கு முதலில் உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம்.

22 கணினியையும் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது. இரண்டைக் கட்டாயம் ஒதுக்கி வையுங்கள். பரீட்சை நடக்கும்போது ஏதோ ஒன்று நின்றுபோகும், அப்போது அந்தப் பிள்ளை எழுந்து பக்கத்துக் கதிரைக்குப் போய்த் தொடர வேண்டும். ஆக 20 இருக்கை. தரம் 10க்கு 5 குழு, தரம் 11க்கு 5 குழு, மொத்தம் 10. மூன்று பாடத்துக்கும் 30 அமர்வு. ஒரு மணி நேர வினாத்தாள் என்றாலும் அமர்வு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். பிள்ளைகள் வந்து உட்கார்ந்து, சுட்டெண்ணைக் கொடுத்து உள்ளே போக 15 நிமிடம். தாமதமானவர்கள் முடிக்க, கணினிகளை அடுத்த குழுவுக்குத் தயார் செய்ய இன்னொரு 15. பாடசாலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு முடிகிறது. இடைவேளையையும் காலைக் கூட்டத்தையும் கழித்தால் ஒரு நாளைக்கு மூன்று அமர்வுதான். 30 அமர்வுக்குப் பத்து நாள். இரண்டு வாரத்தில் பத்தே பாடசாலை நாள். அதற்குள் ஒரு போயா (பௌர்ணமி விடுமுறை) வந்தால் ஒன்பது. ஒரு நாள் கரண்ட் போனால், ஒரு நாள் மண்சரிவில் பாதை அடைபட்டால், பிற்போட்ட அமர்வை வைக்க எங்கேயும் இடமில்லை.

அதனால் நான் சொல்வது இதுதான்: ஒரு நாளைக்கு இரண்டு அமர்வு மட்டும் போடுங்கள், மூன்றாவதை வெறுமையாக விடுங்கள். 7.30இலிருந்து 8.00 வரை கணினிகளைப் போட்டுச் சரிபார்க்க. 8.00 – 9.30 முதல் அமர்வு. 9.30 – 10.00 இடைவேளை. 10.00 – 11.30 இரண்டாவது. 11.45 – 1.15 அன்று குழம்பிய அமர்வுக்கான இடம். ஒன்றும் குழம்பாத நாளில் அந்த நேரத்தில் உங்கள் வழக்கமான பாடவேளையை எடுங்கள். இப்படிப் போட்டால் 15 நாள், அதாவது மூன்று வாரம் தேவை. வலயம் இரண்டு வாரம்தானே தந்தது என்பீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இடைவேளையை இப்படி நடுவில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. வழக்கமான நேரத்தில் மணி அடித்தால் இரண்டாவது குழு பரீட்சையின் நடுவில் இருக்கும். தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் விடியற்காலையில் வெறும் தேத்தண்ணியோடு வீட்டை விட்டுப் புறப்படுகிறவர்கள். 10 மணிக்குச் சாப்பிட முடியாமல் 11.30 வரை திரையைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னால் அது கணிதத்துக்கான பரீட்சையாக இருக்காது. முதல் குழுவும் இரண்டாவது குழுவும் 9.30க்கு ஒன்றாகச் சாப்பிடட்டும். அதிபரிடம் சொல்லி அந்த வாரங்களுக்கு மட்டும் தரம் 10, 11க்கு இடைவேளையை மாற்றிக்கொள்ளலாம்.

மூன்றாவது அமர்வை நம்ப வேண்டாம் என்று சொல்வது வானத்தை வைத்து. மார்ச் - ஏப்ரலிலும் ஒக்டோபர் - நவம்பரிலும் மலையகத்தில் காலை நன்றாக வெளுத்திருக்கும், மதியம் திரும்பியதும் இடி மின்னலோடு மழை கொட்டும். முதல் இடி கேட்டவுடன் ரவுட்டரின் வயரைக் கழற்ற வேண்டிய இடங்கள் நம் பாடசாலைகள். மின்னல் தொலைபேசிக் கம்பி வழியாக வந்தால் ரவுட்டரோடு முடியாது, அதோடு இணைத்த கணினியையும் கொண்டுபோகும். அந்த மாதங்களில் 12 மணிக்குப் பிறகு பரீட்சை வைப்பது வேண்டாத வேலை.

எந்த மாதத்தில் வைப்பது என்பது பாடசாலை மலையின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட், வட்டவளைப் பக்கத்துக்கு மே மாதக் கடைசியிலிருந்து தென்மேற்குப் பருவமழை, ஜூன் - ஜூலையில் நாள் கணக்கில் விடாது. பதுளை, பசறை, வெலிமடைப் பக்கத்துக்கு அப்போது வறட்சியும் கச்சான் காற்றும், அவர்களுக்கு மழை நவம்பரிலிருந்து ஜனவரி வரை. ஆகவே உங்களுக்கு ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை நல்ல காலம், பதுளைக்காரருக்கு ஜூன் - ஜூலை. மாகாணம் முழுவதற்கும், அல்லது நாடு முழுவதற்கும், ஒரே இரண்டு வாரத்தை அறிவிக்கும்போது யாரோ ஒரு பக்கத்துப் பிள்ளைகள் மழைக்குள் எழுதுகிறார்கள் என்பதை மேலே இருப்பவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது உயர்தரப் பரீட்சையையே இடையில் நிறுத்த நேர்ந்தது. நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் ஜனவரியில் இன்னொரு விடயம் உண்டு: துகள்பனி விழும் காலை, 8 மணிக்கு விரல் விறைத்துப்போய் இருக்கும். அங்கே முதல் அமர்வை 8.30க்குத் தள்ளினால் நல்லது.

மழையைத் தவிர நாட்காட்டியில் பார்க்க வேண்டியவை: இல்ல விளையாட்டுப் போட்டி, தமிழ் மொழித் தினப் போட்டி, பாடசாலை பரீட்சை நிலையமாகும் வாரங்கள். அப்புறம் தோட்டத்துத் திருவிழா. இது பாடசாலை நாட்காட்டியில் இருக்காது. ஒவ்வொரு தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கும் தேதி வேறு. காப்புக் கட்டி, பால்குடம் எடுத்து, தேர் இழுக்கும் நாளில் அந்தத் தோட்டத்துப் பிள்ளை பரீட்சைக்கு வராது, வரச் சொல்வதும் நியாயமில்லை. பிள்ளைகளிடமே கேட்டு எழுதி வையுங்கள், இரண்டு நிமிட வேலை.

இனிக் குழுப் பிரிப்பது. எல்லோரும் இடாப்பு வரிசையில் முதல் 20, அடுத்த 20 என்று வெட்டுவார்கள். வேண்டாம். பஸ்ஸையும் தோட்டத்தையும் வைத்துப் பிரியுங்கள். மேல் டிவிசனிலிருந்து நடந்து வந்து பஸ் பிடிக்கும் பிள்ளை 7.50க்கு வந்து சேர்ந்தால், வேர்வையும் மூச்சிரைப்பும் அடங்கு முன்பே முதல் அமர்வில் உட்கார வைப்பது தவறு. அவர்கள் எப்போதும் 10 மணி அமர்வு. பாடசாலைக்குப் பக்கத்து லயங்களில் (தோட்ட வரிசை வீடுகளில்) இருக்கிறவர்களும் டவுன் பிள்ளைகளும் 8 மணிக்கு எழுதலாம். பாடசாலைக்குப் பக்கத்திலிருந்து வரும் குழுக்களைப் பாடத்துக்குப் பாடம் மாற்றிப் போடுங்கள்: தமிழுக்கு 8 மணி என்றால் கணிதத்துக்கு 10 மணி. ஒரே குழு மூன்று பாடத்தையும் ஒரே வேளையில் எழுதினால் அந்த வேளையின் நல்லதும் கெட்டதும் முழுவதும் அவர்கள் தலையில் விழும்.

தோட்டத்தை வைத்துப் பிரிப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு, ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஒரே லயத்தில் இருக்கும் பிள்ளைகள் மாலையில் என்ன பேசுவார்கள்? வந்த வினாவைத்தான் பேசுவார்கள். எல்லோரும் ஒரே வேளையில் எழுதிவிட்டால் பேசட்டும், கெடுதல் இல்லை.

அதற்காக வினா வெளியே போவது நின்றுவிடாது. இடைவேளையில் முதல் குழுவும் இரண்டாவது குழுவும் ஒரே மைதானத்தில்தான் நிற்கும். ஒரு தரத்தில் 5 குழு, நாளுக்கு இரண்டு அமர்வு என்றால் ஒரு பாடம் முடிய மூன்றாவது நாள் ஆகிவிடும். ஒரே வினாத்தாளை அத்தனை நாள் ஓட்டினால் கடைசிக் குழு விடையோடு வரும். இந்தியாவில் பொறியியல் கல்லூரி நுழைவுக்கான ஜே.இ.இ. மெயின் பரீட்சையைப் பல நாட்களில், நாளுக்கு இரண்டு வேளையாக நடத்துகிறார்கள். ஒவ்வொரு வேளைக்கும் வினாத்தாள் வேறு, பிறகு அந்தந்த வேளைக்குள் ஒருவர் எந்த நூற்றுமானத்தில் நிற்கிறார், அதாவது நூற்றுக்கு எத்தனை பேரை முந்தினார் என்று பார்த்துப் புள்ளியைச் சமப்படுத்துகிறார்கள். ஒரு வேளைக்கு ஆயிரக்கணக்கானோர் எழுதுவதால் அங்கே அந்தக் கணக்கு நிற்கும். 20 பேர் எழுதும் நம் அமர்வில் நிற்காது. நமக்கு ஏற்ற வழி வினா வங்கி. 30 வினா உள்ள தாள் என்றால் ஒவ்வொரு வினா இடத்துக்கும் அதே அலகிலிருந்து, அதே கடினத்தில் மூன்று வினா, ஆக 90. கணினி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்றை எடுத்துக் கொடுக்கும். ஒரு பாடசாலையால் இது முடியாது, வலயத்து ஆசிரியர்கள் சேர்ந்து இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்தால் முடியும். வலயத்திலிருந்து ஒரே தாள்தான் வருகிறது என்றால், வினாக்களின் வரிசையையும் விடைகளின் வரிசையையும் மாற்றிப் போடச் செய்து, ஒரு பாடத்தை அடுத்தடுத்த நாட்களிலேயே முடித்துவிடுங்கள். அந்தப் புள்ளியை வைத்து எத்தனையாம் பிள்ளை என்று மட்டும் போடாதீர்கள். எந்த அலகு விளங்கவில்லை என்று கண்டுபிடிக்க அது போதும், பிள்ளைகளை வரிசைப்படுத்தப் போதாது. பெற்றோர் கூட்டத்தில் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

அடுத்தது இணையம். முடிந்தால் பரீட்சை நேரத்தில் இணையத்தையே நம்பாதீர்கள். அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலம் 2016இல் பாடசாலைப் பரீட்சையைக் கணினியில் வைத்தது. சேர்வர் இருந்தது வெகுதூரத்தில், கான்சாஸ் பல்கலைக்கழகத்தில். அங்கே கட்டட வேலை செய்த இயந்திரம் ஒன்று நிலத்தடிக் கேபிளை வெட்டிவிட, அலாஸ்காவில் பிள்ளைகள் பாதியில் நின்றார்கள். அந்த ஆண்டுப் பரீட்சையையே மாநிலம் முழுவதும் கைவிட நேர்ந்தது. அவுஸ்திரேலியாவின் நாப்லான் என்ற தேசியப் பாடசாலைப் பரீட்சையில் 2019 மே மாதம் இணைப்பு அறுந்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு மறுபடி எழுத வாய்ப்புக் கொடுத்தார்கள். பணமும் வசதியும் உள்ள இடங்களிலேயே இப்படி. பல நாடுகளில் நடக்கும் பீசா பரீட்சை 2015இல் கணினிக்கு மாறியபோது, வினாக்களைப் பென் டிரைவில் கொண்டுபோய் அந்தந்தக் கணினியிலேயே நடத்தினார்கள். நமக்கு அதுதான் பாடம். ஒரு நல்ல மடிக்கணினியில் மூடில் என்ற கற்பித்தல் - பரீட்சை மென்பொருளைப் போட்டு, அதையே சேர்வராக வைத்து, ஒரு சுவிட்ச் மூலம் 20 கணினிகளையும் கேபிளால் இணைத்தால் வெளி இணைப்பே வேண்டாம். மூடில் இலவசம், 20 பேரைத் தாங்கும். மாலையில் சிக்னல் நன்றாக இருக்கும்போது விடைகளை வலயத்துக்கு அனுப்பலாம். வலயம் இணையவழிதான் வேண்டும் என்று நின்றால், 20 பேரையும் ஒரே நொடியில் உள்ளே விடாதீர்கள். ஐந்து ஐந்து பேராக, இரண்டு நிமிட இடைவெளியில் விடுங்கள். நான் சொன்ன 15 நிமிடம் இதற்கும்தான்.

கரண்ட் போனால் என்ன செய்வது என்று போன பிறகு யோசிக்கக் கூடாது. முதலில் மின்சார சபையின் பிரதேச அலுவலகத்துக்கு அழைத்து, அந்த வாரங்களில் திருத்த வேலைக்காக மின்துண்டிப்பு இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள். சேர்வராக இருக்கும் மடிக்கணினி தன் பற்றரியில் ஓடும், சுவிட்சை மட்டும் ஒரு யூ.பி.எஸ்ஸில் போடுங்கள். பிள்ளைகளின் கணினி அணைந்தாலும் மூடில் ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒருமுறை விடைகளைச் சேமித்துக்கொள்வதால், கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் கடிகாரம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் குழுவுக்கு நேரத்தைக் கூட்டிக் கொடுக்கும் வசதி மூடிலில் இருக்கிறது. முன்கூட்டியே ஒரு பொய்ப் பரீட்சையில் அதைச் செய்து பழகுங்கள், இருட்டில் நின்று தேடக் கூடாது. விதியை எழுதி ஆய்வுகூடக் கதவில் ஒட்டுங்கள்: அரை மணி நேரத்துக்குள் வந்தால் இழந்த நேரத்தைக் கூட்டித் தொடர்வது, அதற்கு மேல் போனால் நிறுத்திவிட்டு 11.45க்கு வேறு வினாக்களோடு புதிதாக எழுதுவது. யாருக்கு எவ்வளவு நேரம் போனது என்பது பதிவுப் புத்தகத்தில் இருக்க வேண்டும்.

கடதாசி மிச்சம் என்பதற்காகவே கணினிக்கு மாறச் சொல்கிறவர்கள் 2022 மார்ச் மாதத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. அதே மாதக் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை போனது. கணினிப் பரீட்சை நடக்கும் வாரத்திலும் அச்சடித்த வினாத்தாள் ஒரு கட்டு அதிபரின் அலுமாரியில் முத்திரையிட்டு இருக்கட்டும்.

சின்ன விடயம் ஒன்று, ஆனால் ஒரு முழு அமர்வைக் கெடுத்துவிடும். நம் ஆய்வுகூடங்களில் உள்ள பழைய கணினிகளின் மதர்போர்டில் காசு அளவில் ஒரு பற்றரி இருக்கும். அது செத்துப்போன கணினி, கரண்ட் போய் வந்ததும் தேதியை எங்கோ பத்துப் பதினைந்து வருடம் பின்னால் கொண்டுபோய் வைக்கும். பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும். இணையவழிப் பரீட்சைப் பக்கத்தைத் திறக்கும்போது மட்டும், பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று உலாவி உள்ளே விடாது. இணைப்பில்தான் கோளாறு என்று எல்லோரும் ரவுட்டரைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு காலையும் 7.30க்குத் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். பற்றரி மலிவு, மாற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது. அதோடு தமிழ் எழுத்து. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய வினா, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். யூனிகோட்டிலேயே இருந்தாலும் பழைய கணினி சிலவற்றில் "கொ" உடைந்து, கொம்பு ஒரு பக்கமும் நடுவில் ஒரு புள்ளி வட்டமும் நிற்கும். 22 கணினியிலும் ஒரே பக்கத்தைத் திறந்து கண்ணால் பார்த்துவிடுங்கள். ஈரப்பதத்தில் பூட்டிக் கிடந்த கணினிகளை ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே தினமும் ஒரு மணி நேரமாவது ஓடவிடுங்கள்.

பழக்கும் வேளையும் நேரசூசியின் பகுதிதான். பரீட்சைக்கு முந்திய இரண்டு வாரத்தில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பாடவேளை, 40 நிமிடம், புள்ளி இல்லாத பயிற்சித் தாள். பத்துக் குழுவுக்குப் பத்துப் பாடவேளை. வீட்டில் போனை மட்டுமே கண்ட பிள்ளை முதலில் மொனிட்டரை விரலால் தொட்டு மேலே தள்ளிப் பார்க்கும். பக்கம் நகராது. பிறகு பக்கத்தில் இருப்பவரை ஓரக்கண்ணால் பார்க்கும், கையை உயர்த்திக் கேட்க வெட்கப்படும். அந்த வெட்கம் பயிற்சி நாளிலேயே தீர்ந்துவிட வேண்டும். தட்டச்சும் அப்படித்தான். நாட்டின் தரநிலை ரெங்கநாதன் விசைப்பலகை, ஆனால் பிள்ளைகளுக்குத் தெரிந்தது போனில் ஆங்கில எழுத்தால் தமிழ் அடிப்பது. அதனால் தமிழ்ப் பாடத்தில் கட்டுரை கேட்டால் அதைத் தாளிலேயே எழுதட்டும், எல்லாப் பிள்ளைகளும். பாதிப் பேர் தாளில், பாதிப் பேர் கணினியில் என்று மட்டும் வைக்காதீர்கள். இரண்டு புள்ளியையும் ஒரே வரியில் வைத்துப் பார்க்க முடியாது.

மேற்பார்வைக்கு அமர்வுக்கு இருவர் வேண்டும்: கணினி தெரிந்த ஒருவர், பிள்ளைகளைக் கவனிக்க ஒருவர். அன்றைய பாடத்தின் ஆசிரியர் இருவரில் ஒருவராக இருக்கக் கூடாது. முழு நாளும் நீங்களே நிற்க நினைக்காதீர்கள், கணிதம் படிப்பிக்கும் இளம் ஆசிரியர் யாரையாவது இப்போதே பழக்குங்கள். மூன்று வாரம் ஆய்வுகூடம் போனால், தரம் 12இன் பொதுத் தகவல் தொழில்நுட்ப வகுப்பும் சாதாரண தரப் பிள்ளைகளின் செய்முறையும் நிற்கும். அதை எந்த வாரத்தில் ஈடு செய்வது என்று அதே நேரசூசியில் எழுதிக் காட்டுங்கள். பார்வைக் குறைவுள்ள பிள்ளைக்கு எழுத்தைப் பெரிதாக்கி 15 நிமிடம் கூடுதலாகக் கொடுக்க, அவரை அன்றைய கடைசி அமர்வில் போடுங்கள். பின்னால் குழு காத்திருக்காது.

இனி வலயத்துக்கு. "கஷ்டம், கால அவகாசம் வேண்டும்" என்று கடிதம் எழுதினால் பதில் வராது. மேலே போட்ட கணக்கை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: 20 இருக்கை, 30 அமர்வு, நாளுக்கு இரண்டு, 15 நாள். அதற்குக் கீழே இன்னொரு வழியையும் எழுதுங்கள்: பக்கத்துப் பாடசாலையிலிருந்து 10 மடிக்கணினி மூன்று வாரத்துக்கு இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மட்டும் கிடைத்தால் 30 இருக்கை. தரம் 10க்கு 4 குழு, தரம் 11க்கு 3 குழு, 21 அமர்வு. பத்து நாளில் 20 முடியும், ஒன்று மட்டும் 11.45க்குப் போகும். காலத்தைக் கூட்டுங்கள், இல்லையென்றால் கணினியைத் தாருங்கள் என்று இரண்டு தெரிவை முன்னால் வைத்தால் பணிப்பாளருக்கும் முடிவெடுக்க இலகு. இதே கணக்கு உங்கள் கோட்டத்தில் எல்லாப் பாடசாலைக்கும் இருக்கும், நாலைந்து அதிபர்கள் சேர்ந்து கையெழுத்திட்டால் இன்னும் நல்லது.

புள்ளிப் பட்டியல் தயாரிக்கும்போது சுட்டெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நிரல் கூட்டுங்கள்: எந்த நாள், எந்த அமர்வு. பிறகு அமர்வு வாரியாகச் சராசரியைப் பாருங்கள். ஏதாவது ஒரு அமர்வின் சராசரி மட்டும் மற்றவற்றைவிட மிகவும் குறைந்திருந்தால், பிள்ளைகளைக் கூப்பிட்டு ஏசுவதற்கு முன் பதிவுப் புத்தகத்தில் அன்றைய பக்கத்தைத் திறந்து, கரண்ட் போனதா, பஸ் பிந்தியதா, எத்தனை கணினி நின்றது என்று பாருங்கள். காரணம் அங்கே இருந்தால் அந்தக் குழுவுக்கு ஒதுக்கு வேளையில் மறுபடி வையுங்கள்.